மறவோம் என்னும் பிழை

விடியுமுன் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் கற்பாவிய தெருக்களின் இடுக்குகளில் மின்னிக்கொண்டிருக்க, கூரைகளின் விளிம்பில் திரண்ட துளிகள் ஒன்றையொன்று துரத்தி வீழ, ஆற்றின் மேல் படர்ந்த பனித்திரையைக் கதிரவன் தன் இளங்கைகளால் மெல்ல மெல்லச் சுருட்டிக்கொண்டிருந்த காலைப் பொழுது. ஆற்றை அணைத்து வளைந்து கிடந்த அந்நகரின் கடைகள் கதவு திறக்கும் ஓசையும், பாலும் செய்தித்தாளும் கொணரும் மிதிவண்டிகளின் மணியோசையும், சபைக் கோவிலின் கோபுரத்திலிருந்து எழுந்த முதல் மணியின் நெடிய நாதமும் ஒன்றோடொன்று கலந்து, துயில் நீங்கிய ஊரின் முதல் மூச்சைப் போல எங்கும் பரந்தன. அக்கோவிலுக்கு நான்கு தெரு தள்ளி, மைம்மணமும் எண்ணெய் மணமும் சுவர்களில் ஊறிப்போன பழைய அச்சகம் ஒன்று நின்றது. படிப்போரே, அங்கே ஒரே ஒரு சொல் இடம் மாறி அமர்ந்ததால் ஓர் அம்மையாரின் நெஞ்சில் நிகழ்ந்ததைத்தான் இங்கே சொல்லப் புகுகின்றேன்.

அவ்வம்மையார் அச்சகத்தின் பிழைதிருத்துநர். இருபத்தாறு ஆண்டுகளாக வடக்குப் பலகணியின் ஓரத்து மேசையில் அமர்ந்து, சிவப்பு மைக்கூடும் மர அளவுகோலும் உருப்பெருக்காடியும் துணையாகக் கொண்டு, அங்கு அச்சேறும் ஒவ்வோர் எழுத்தையும் தம் கண்ணால் சலித்தே வெளியே விட்டவர். அவருக்கென்று ஒரு தனி முறை உண்டு. அச்சேறுமுன் திருத்த வரும் கடைசித் தாளான இறுதி மெய்ப்பை அவர் முதலிலிருந்து படிப்பதில்லை. கடைசிச் சொல்லில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொரு சொல்லாக நடந்து முதற்சொல்லுக்கு வருவார். பொருளின் இனிமையில் மயங்கினால் எழுத்தின் குற்றம் கண்ணுக்குத் தப்பும் என்பது அவர் கொள்கை. இம்முறையால் அவர் பிடித்த பிழைகள் பல்லாயிரம்; அச்சகத்தார் அவருக்கிட்ட பெயரோ ஊசிக்கண். தாளில் பழகிய அக்கண் நாளடைவில் தாளோடு நிற்கவில்லை. சிரித்தவர் ஏன் சிரித்தார், சிரியாதவர் எதை மறைத்தார், உதவ வந்தவர் எதைக் கேட்க வந்தார் என்று மாந்தரையும் அது பின்னோக்கியே படித்தது. அந்த ஐயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எவரும் அறியார். இளமையில் பெருந்துயர் ஏதும் பட்டாரில்லை. சிலருக்கு மூக்குக் கூர்மையாய் வாய்ப்பது போல அவருக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கலாம்.

மணம் செய்துகொள்ளாத அவர், மறைந்த அண்ணனின் மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். அண்ணி உருண்டையான உடலும் உரத்த குரலும் உடையவர். பார்த்த இடத்தில் பேச்சைத் தொடங்கிப் பிரிய மனமின்றி முடிப்பவர். பதினெட்டு ஆண்டுகள் ஓரடுப்பில் சமைத்து உண்டும், அம்மையார் தம் அலமாரித் திறவுகோலை இடுப்பை விட்டு இறக்கியதில்லை. ஞாயிறுதோறும் இருவரும் ஒரே இருக்கையில் முழந்தாளிடுவர். அண்ணி கண்மூடி மன்றாடுவார். அம்மையாரோ பாதிக் கண் திறந்து, முன்வரிசையில் யார் யாருக்கு இடம் விடுகிறார் என்று பார்த்திருப்பார்.

"ஆண்டவரே வந்து நம்ம கதவத் தட்டினாலும், உங்கள யாரு அனுப்பினாங்கன்னு கேப்ப நீ," என்பார் அண்ணி.

"கேட்டா என்ன தப்பு? அவருன்னா பதில் சொல்லிட்டுப் போறாரு," என்பார் அம்மையார்.

இவ்வாறிருக்க, மூன்று திங்களுக்கு முன்பு அச்சகத்திற்குப் புதிதாக ஒரு நூல் கட்டுநர் வந்து சேர்ந்தார். பங்குத்தந்தையின் பரிந்துரை மடல் ஒன்றே அவருக்கிருந்த சான்று. ஐம்பதைக் கடந்தவர், கூனிய தோளினர், விரலிடுக்குகளில் எந்நேரமும் காய்ந்த பசை வெண்செதிள்களாய் ஒட்டியிருந்ததால் வந்த இரண்டாம் நாளே பசைக்காரர் என்று பெயர் பெற்றார். தொழிலைச் சிறையில் கற்றவர் என்று வாயில்காப்போன் எங்கோ கேட்டு வந்து சொன்னான். அவரைக் கேட்டபோது, மறுக்காமல், "ஆமாங்க, ஏழு வருசம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

சிறையிலிருந்து வந்தவர் முரடராய் இருந்திருந்தால் அம்மையார் அமைதியாய் இருந்திருப்பார். பசைக்காரரோ எவரையும் முந்திக்கொண்டு வணங்கினார். தாம் பருகிய குவளையோடு பிறர் வைத்துவிட்டுப் போன குவளைகளையும் கழுவிக் கவிழ்த்தார். தம் கையால் ஒரு தாள் கிழிந்தால் எவரும் காணுமுன்பே போய்ச் சொன்னார். ஒருவரைப் பற்றி அவர் இல்லாதபோது பேச்செழுந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். இவை ஒவ்வொன்றையும் அம்மையார் உருப்பெருக்காடி வைத்து ஆராய்ந்தார். குவளை கழுவுபவர் யார் எங்கே எழுந்து போகிறார் என்று வேவு பார்க்கிறார். சிறு தவற்றை ஒப்புக்கொள்பவர் பெரிய தவற்றுக்கு முன்கூட்டியே நம்பிக்கை சேர்க்கிறார். புறங்கூறாதவர் எல்லாவற்றையும் உள்ளே சேமித்து வைக்கிறார். இப்படித்தான் அவர் தமக்குள் முடிவு கட்டினார்.

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?" என்று பசைக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"ஏன் கேக்குறீங்க?"

மனிதர் திகைத்துப் போனார். சற்று எண்ணிப் பார்த்து, "தெரிஞ்சுக்கத்தாம்மா," என்றார்.

அந்த விடையிலும் ஏதோ உட்பொருள் இருப்பதாக அம்மையார் அன்று முழுதும் நினைத்திருந்தார்.

அவ்வேளையில்தான் அந்தப் பிழை நேர்ந்தது. சபைக் கோவிலுக்காகப் புதிய மன்றாட்டு நூல் ஒன்று இரண்டாயிரம் படிகள் அச்சாயிற்று. அதற்கு அச்செழுத்துக் கோத்தவள், அங்கு வந்து மூன்றாண்டே ஆன இளம்பெண் ஒருத்தி. பிறர் வலக்கையால் செய்வதையெல்லாம் இடக்கையால் செய்பவளாதலின் இடக்கை என்று அழைக்கப்பட்டவள். கணவன் கப்பல் வேலைக்குப் போயிருக்க, மாமியாரோடும் கைக்குழந்தையோடும் வாழ்ந்தவள். முதலில் கட்டி முடித்த நூறு படிகள் கோவிலுக்குப் போயின. வெள்ளிக்கிழமை மாலை மன்றாட்டில் பங்குத்தந்தை ஒரு வரி சொல்ல, மக்கள் மறுவரி சொல்லத் தொடங்கினர். "உம் அருளை என்றும் மறவோம்," என்று ஒரே குரலாய் முழங்கியவர்கள், அதே வேகத்தில், "பிறர் எமக்கிழைத்த தீங்கையும் மறவோம்," என்று முழங்கி முடித்தார்கள். மறப்போம் என்றிருக்க வேண்டிய இடத்தில், மேல்வரியின் மறவோம் வந்து அமர்ந்திருந்தது! பாதிப்பேர் திடுக்கிட்டு நிறுத்தினர். தம்பியோடு வேலித்தகராற்றில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் மன நிறைவோடு உரக்க ஆமென் சொன்னாராம்.

மறுநாள் காலை மேலாளர் தம் அறைக்கு இருவரையும் அழைத்தார். இறுதி மெய்ப்பைக் கொண்டுவந்தால் தவறு கோத்தவருடையதா, பார்த்தவருடையதா என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். ஆனால் மெய்ப்புக் கட்டில் அந்த ஒரு தாளை மட்டும் காணவில்லை.

"கடைசி புரூஃப் எங்கம்மா போச்சு?" என்றார் மேலாளர்.

"கட்டுலதான் வச்சேன் சார். அந்த வார்த்தைய நான் திருத்திக் குடுத்தேன். அந்தத் தாள் இல்லாமப் போனா யாருக்கு நல்லதுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

இடக்கை ஓரடி முன்னே வந்தாள். "நான் எடுக்கலைங்க சார். தப்பா அடுக்கினது நானாத்தான் இருக்கும், மேல்வரியப் பாத்துக் கை போயிருக்கும். ஆனா செவப்பு மை இருந்து நான் மாத்தாம விட்டதே கெடையாது. அம்மாவுக்கே தெரியும்."

"எனக்கு ஒண்ணுதான் தெரியும். நான் குறிச்சேன். குறிச்ச தாளத் திருடினவங்களுக்குத்தான் மீதி தெரியும்."

படிப்போரே, அம்மையார் பொய் சொன்னார் என்று எண்ணிவிட வேண்டா. சிவப்புக் கோடு கிழித்த காட்சி அவர் அகக்கண்ணில் தெளிவாகவே நின்றது. இருபத்தாறு ஆண்டுகளில் கிழித்த ஆயிரமாயிரம் கோடுகளில் ஏதோ ஒன்றை எடுத்து வந்து நினைவு அவருக்குக் காட்டிற்று. அவரும் தம் நினைவை மட்டும் ஐயுறாது நம்பினார். இருபத்தாறு ஆண்டின் சொல்லுக்கு முன் மூன்றாண்டின் சொல் எடுபடுமா? இடக்கை அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள். தன் மேலாடையை மடித்துக் கையிலிட்டுக்கொண்டு எழுத்துப் பெட்டிகளின் ஊடே அவள் நடந்து போனபோது எவரும் வாய் திறக்கவில்லை. பசைக்காரர் மட்டும் எழுந்து போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். அதையும் அம்மையார் குறித்துக்கொண்டார்.

அதன் பின் வந்த நாட்களில் ஐயத்திற்குப் பஞ்சமில்லை. கட்டி முடித்த மன்றாட்டு நூல்கள் பின்கட்டில் அடுக்கிக் கிடந்தன. அவற்றை என்ன செய்வதென்று மேலாளரும் பங்கு மன்றத்தாரும் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது பேச்சு. ஆனால் நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு, எல்லாரும் கைகழுவும் ஆரவாரத்தில், பசைக்காரர் ஒரு மூட்டையைத் தோளிலேற்றிக்கொண்டு பின்வாயில் வழியாகப் போவதும், காலையில் அதே பருமனுள்ள மூட்டையோடு எல்லார்க்கும் முன்னே வருவதும் அம்மையார் கண்ணில் பட்டன. அதுமட்டுமன்று. அச்சகத்தில் ஏதேனும் ஒரு வேளையில் அவர் அம்மையாரின் மேசைக்கு அருகே வந்து, கையைப் பிசைந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் திரும்புவார். வீட்டிலோ அண்ணியின் போக்கும் மாறியிருந்தது. மாலையானால் தோழிக்கு உடல்நலமில்லை என்று சொல்லிப் புறப்பட்டுப் போய், விளக்கேற்றும் நேரத்தில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே திரும்புவார்.

"யாரு அந்தத் தோழி?" என்று அம்மையார் கேட்டார்.

"உனக்குத் தெரியாதவங்க."

"என்ன நோவு?"

"முதுகுல."

நூலுக்கும் முதுகு உண்டென்பதை எண்ணி அண்ணி உள்ளூரச் சிரித்துக்கொண்டதை அம்மையார் எவ்வாறு அறிவார்? எனினும் அலமாரியின் பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே அன்று படுத்தார்.

பன்னிரண்டாம் நாள் நண்பகல். தொழிலாளர் யாவரும் பின்முற்றத்தில் உண்ணச் சென்றிருந்தனர். அச்சுப் பொறிகள் வாய்மூடிக் கிடந்த அந்த அமைதியில், அம்மையார் தம் மேசையை விட்டெழுந்து, நூல் கட்டும் அறைக்குள் புகுந்து, பசைக்காரரின் கருவிப் பெட்டியைத் திறந்தார். தாள் மடிக்கும் எலும்புத் தகடும், துளையூசியும், மெழுகு தேய்த்த நூற்கண்டும், கட்டைவிரல் அளவே உள்ள மரச்சிலுவை ஒன்றும் மேல்தட்டில் இருந்தன. தட்டைத் தூக்கினார். கீழே நான்காய் மடித்த தாள் ஒன்று. ஓரத்தில் பசை காய்ந்திருந்தது. பிரித்தார்.

காணாமற்போன மெய்ப்பு அது. பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்து. அதனருகே அவர் இட்ட நாள். மேலே, எந்த ஐயமுமற்ற உருண்டை எழுத்தில், சரி பார்த்தேன் என்னும் சொற்கள். எட்டாம் வரியில் தீங்கையும் மறவோம் என்று நின்றது. அதன்மேல் சிவப்பு மையின் ஒரு புள்ளிகூட இல்லை. சொல்லில் எழுத்துக் குற்றம் ஏதுமில்லை அல்லவா? பின்னோக்கி நடந்து வந்த கண்ணுக்கு அது குற்றமற்ற சொல்லாகவே தோன்றிற்று. பொருளுக்கு மயங்கலாகாது என்று இருபத்தாறு ஆண்டுகள் விழித்திருந்தவர், பொருள் செத்துக் கிடந்ததைப் பாராமலே கடந்து போயிருந்தார்.

தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் படித்தார். ஆனால் வழக்கம் விடுமா? நாணம் வந்து அமர்வதற்குள் ஐயம் முந்திக்கொண்டு வந்து அமர்ந்தது. இவன் ஏன் இதைப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறான்? என்னை ஆட்டிவைக்க. மேசையருகே வந்து வந்து நிற்பது அதற்கே. முற்றத்தில் காலடி கேட்கவே, தாளை இருந்தபடி மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தம் இருக்கைக்கு விரைந்தார். சற்று நேரத்தில் பசைக்காரர் வந்து நின்றார்.

"அம்மா..."

"என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம் போதுமா உங்களுக்கு? சன்னல் கதவ இன்னும் கொஞ்சம் தெறக்கட்டுமா?"

அந்தச் சொற்கள் அம்மையாரின் காதில் மிரட்டலாகவே ஒலித்தன.

அன்று மாலை மூட்டை புறப்பட்டபோது முப்பது அடி பின்னால் அம்மையாரும் புறப்பட்டார். செருப்புத் தைப்பவரின் கடையையும், கடிகாரம் செப்பமிடுபவரின் கண்ணாடிப் பேழையையும், துணி வெளுப்பவரின் ஆவி படிந்த சுவரையும் கடந்து, கோவிலின் பின்புறம், உடைந்த இருக்கைகள் போட்டு வைத்திருந்த நீண்ட அறைக்குள் மூட்டை நுழைந்தது. திருட்டுப் பொருளைக் கோவிலிலேயே பதுக்குகிறானா என்று கொதித்தவராய் அம்மையார் பலகணிக் கம்பிகளின் வழியே உள்ளே நோக்கினார்.

மேற்கு வெயில் பொன்னாய் விழுந்த நெடிய மேசையின் இருபுறமும் நால்வர் அமர்ந்திருந்தனர். மறப்போம் என்று அச்சிட்ட தாளைச் சோற்றுப் பருக்கை அளவுள்ள துண்டுகளாய் வெட்டிக்கொண்டிருந்தது ஒரு கை. அத்துண்டை இடுக்கியால் எடுத்து, நுனியில் பசை தொட்டு, எட்டாம் வரியின் பிழைச்சொல்மேல் மயிரிழை பிசகாமல் அமர்த்தியது இடக்கையின் இடக்கை. வாயில்காப்போன் ஒட்டிய பக்கத்தை உலர்த்தினான். பசைக்காரர் மூட்டையைப் பிரித்து அடுத்த அடுக்கை வைத்தார். கத்தரிக்கோல் பிடித்திருந்த அந்த முதற்கை யாருடையது? மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியோடு, நாவை ஓரத்தில் கடித்துக்கொண்டு, அண்ணி அமர்ந்திருந்தார்.

"இங்க வர்றது உங்க நாத்தனாருக்குத் தெரிஞ்சா வீட்டுல சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள் இடக்கை.

"அவளா? என்னைச் சந்தேகப்படாம அவளுக்குச் சோறு இறங்காது. என்னை விட்டுட்டு யாரப் படுவா?" அண்ணி சிரித்தார், பின் கத்தரியை நிறுத்தினார். "கெட்டவ இல்ல புள்ள. பயந்தவ. பயத்தப் போய் அறிவுன்னு நெனச்சுக்கிட்டா."

அம்மையார் பற்றியிருந்த கம்பி கிரீச்சிட்டது. அக்கணம் பசைக்காரர் நிமிர்ந்து பலகணியைப் பார்த்தார். எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் அம்மையார். "பெட்டியத் தெறந்து பாத்துட்டேன். நேராச் சொல்லுங்க. என்கிட்ட என்ன வேணும்?"

பசைக்காரர் விரல்களில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டார். பின்பு தம் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். அன்று அதை உடன் கொண்டு வந்திருந்தார்.

"நூல் முதுகுல ஒட்ட எடுத்த கழிவுத் தாள்ல கெடந்துச்சும்மா. யாரோ தவறுதலா அங்க தள்ளியிருக்காங்க. மூணாம் நாளே கெடச்சிருச்சு. ஒருத்தரோட தப்ப ஊர் முன்னால வைக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்டத் தனியாச் சொல்லணும்னு கோவில்ல கத்துக்கிட்டேன். தெனமும் உங்க மேசைக்கு வந்தேன். உங்க மொகத்தப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்குது. உங்களப் பாத்தா எனக்குப் பயம்மா. ஏழு வருசம் காவலாளிகளப் பாத்தவன் நான், அவங்ககிட்டக்கூட இப்படிப் பயந்ததில்ல." அவர் தலை குனிந்தார். "என் பயத்தால அந்தப் பொண்ணு ஒம்பது நாள் கூடுதலாப் பழி சொமந்துச்சு. அது என் தப்பு. இந்தாங்க."

"நான் இதக் கிழிச்சுப் போட்டா?"

"போடலாம்மா. ஆனா நாளைக்கு வேலை தொடங்குறதுக்குள்ள மேலாளர்கிட்ட நான் போய்ப் பாத்ததச் சொல்லிருவேன். இதுக்கு மேல பொறுக்க முடியாது. நம்பினா நம்பட்டும், நம்பலன்னா விடட்டும்."

"உங்கள யாரு நம்புவா?"

"அதாம்மா," என்றார் பசைக்காரர். அவர் குரலில் மனத்தாங்கல் இல்லை. "நம்ப மாட்டாங்க. ஒட்டிக் குடுத்தா அந்தப் பொண்ணத் திரும்பச் சேத்துக்கிறேன்னு மட்டும் மேலாளர் ஒத்துக்கிட்டிருக்காரு, வெளிய தெரியக்கூடாதுன்னு. வேலை திரும்பக் கெடைக்கும். பேரு கெடைக்காது."

"நீங்க ஏன் இதெல்லாம் செய்றீங்க? அவ உங்களுக்கு என்ன உறவு?"

"உறவு ஒண்ணுமில்லம்மா. ஆண்டவர் எங்கிட்டப் பெரிசா ஒண்ணும் கேக்கல. கையில பசை இருக்கு, ஒட்டுறேன்." இவ்வாறு சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தாள் அம்மையாரின் கையில் இருந்தது. கிழித்தெறிந்தால் சிறைசென்றவர் ஒருவரின் வெறுஞ்சொல்லே எஞ்சும். இருபத்தாறு ஆண்டின் பெயர் அப்படியே நிற்கும். வெயில் சுவரேறிக் கொண்டிருந்தது. வேறு படி ஏதும் வைத்திருக்கிறானோ, இதுவும் ஒரு பொறியோ என்று நெஞ்சு தேடித் தேடிப் பார்த்தது. வாழ்நாளில் முதன்முறையாக அதற்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அவரை அழிக்கவல்ல ஒன்றை அவர் கையிலேயே ஒருவர் தந்துவிட்டுப் போனதை எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும், முன்னோக்கிப் படித்தாலும் பின்னோக்கிப் படித்தாலும், அது ஒரே பொருளையே தந்தது. அந்தப் பொருளைத் தாங்க அவருக்கு வலிமை போதவில்லை. சுவரில் கைவைத்து நின்றார். ஞாயிறுதோறும் முழந்தாளிட்ட இடம் இருபதடித் தொலைவில் இருந்தது. அங்கே அவர் ஒரு நாளும் இவ்வாறு நின்றதில்லை.

பின்பு உள்ளே போனார். அண்ணியின் கத்தரி அந்தரத்தில் நின்றது. அம்மையார் எவரையும் நோக்காமல் நேரே சென்று இடக்கையின் முன் தாளை விரித்து வைத்தார். எழுத்தைத் தலைகீழாய்ப் படித்துப் பழகிய அப்பெண்ணுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"அடுக்கினது தப்புதாம்மா. நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அவள், மெல்ல. "ஆனா திருடின்னீங்களே. அந்த வார்த்தைய அடுக்கினது யாரு?"

அம்மையார் தாளின் அடியில் இருந்த தம் கையெழுத்தைத் தொட்டார்.

"நான்தான்," என்றார் அம்மையார். "அத எப்படித் திருத்துறதுன்னு எனக்குத் தெரியல."

"பன்னெண்டு நாளா எங்க மாமியார் எங்கிட்டப் பேசல. கொழந்தைய மட்டும் வாங்கிக்கிறாங்க." அவள் கண்களைத் துடைக்கவில்லை, இடுக்கியை எடுத்து அடுத்த துண்டைப் பசையில் தொட்டாள். "திருத்தத் தெரிஞ்சா சொல்லுங்க."

அண்ணி நகர்ந்து இடம் விட்டார். அம்மையார் அமர்ந்து, ஒரு துண்டை எடுத்து, ஒட்டினார். அது கோணலாய் அமர்ந்தது. பசைக்காரர் ஈரத்துணியால் அதை எடுத்துவிட்டு இன்னொரு துண்டைத் தந்தார்.

மறுநாட்காலை, அச்சுப் பொறிகள் இயங்குமுன், தொழிலாளர் அனைவரையும் அழைக்குமாறு அம்மையார் மேலாளரை வேண்டினார். மேலாளர் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். கதவைச் சாத்திவிட்டு, "இத நமக்குள்ள வச்சுக்கலாமே அம்மா. அந்தப் பொண்ணத்தான் சேத்துக்கப் போறேனே," என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பசைக்காரன் மிரட்டினானா?" என்றும் கேட்டார். தம் சொந்தக் குரலே பிறர் வாயில் ஒலிப்பதைக் கேட்டவர்போல அம்மையார் ஒரு கணம் கண்மூடினார்.

"இல்ல சார். மிரட்டியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். எல்லாரையும் கூப்பிடுங்க."

எல்லாரும் கூடினர். சுற்றி வளைக்காமல் மூன்றே வாக்கியத்தில் சொன்னார்: பிழையைப் பார்க்காமல் விட்டது தாம், தாளை எவரும் திருடவில்லை, திருடி என்றது பொய். அன்று பிற்பகலே இடக்கையின் வீட்டுக்குப் போய், அவள் மாமியார் கதவைப் பாதி திறந்து நிற்க, அதே மூன்று வாக்கியங்களை வாயிற்படியில் நின்று மறுபடியும் சொன்னார். அந்த முதியவள் உள்ளே வரச் சொல்லவில்லை; ஆனால் கதவைச் சாத்துமுன், "அவகிட்டப் பேசுறேன்," என்றாள்.

இரண்டாயிரம் படிகளும் குறித்த நாளில் கோவிலைச் சென்றடைந்தன. இடக்கை தன் எழுத்துப் பெட்டிக்குத் திரும்பினாள். இனி இறுதி மெய்ப்பை ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை என்பது புதிய விதியாயிற்று. கோத்தவள் முன்னோக்கி உரக்கப் படிக்க, அம்மையார் பின்னோக்கிப் பார்ப்பார். நாள்தோறும் இருவரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்தனர். தாளில் உள்ள சொற்களைத் தவிர வேறொரு சொல்லையும் இடக்கை அவரிடம் சொன்னாளில்லை. அம்மையாரும் கேட்கவில்லை.

ஆனால் அவர் பசைக்காரரின் நடத்தையை, பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகுவது போல, கோணல்மாணலாகவும் விடாமலும் பழகத் தொடங்கினார். முந்திக்கொண்டு வணங்கினார்; வணங்கப்பட்டவர் தம் பின்னால் வேறு யாரோ நிற்பதாக எண்ணித் திரும்பிப் பார்த்தார். வாயில்காப்போனின் குவளையைக் கழுவி வைத்தார். அவன் அதை மோந்து பார்த்து, மறுபடி ஒருமுறை தானே கழுவிக் குடித்தான். அண்ணியிடம் அலமாரித் திறவுகோலை நீட்டினார், அண்ணி நெற்றியில் கைவைத்து, "காய்ச்சல் அடிக்குதா உனக்கு?" என்றார். ஐயத்தின் எதிர்ப்புறத்தில் நிற்பது எத்துணைக் குளிரானது என்பதை அவர் அந்நாட்களில் அறிந்தார். தமக்கு வணக்கம் சொல்லிச் சொல்லி மூன்று திங்கள் அக்குளிரில் நின்ற ஒருவரை நினைத்துக்கொண்டார்.

நான்கு திங்கள் கழிந்தன. கார்காலம் வந்தது. ஒரு மாலை, வேலை முடியும் வேளையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, எல்லாரும் ஒவ்வொருவராய்ப் போய்விட, வாயிலின் மழைத்திரையைப் பார்த்தபடி இடக்கை நின்றாள். அம்மையார் வெளியே வந்தார். அவள் திரும்பாமலே சொன்னாள்:

"கொழந்தைக்குக் காய்ச்சல். சீக்கிரம் போகணும். உங்ககிட்டக் குடை இருக்காம்மா?"

ஏன் கேட்கிறாள், எதற்காக என்னிடம், இதன் பின்னே என்ன என்று அம்மையாரின் நெஞ்சம் தன் பழைய வேகத்தில் எழுந்தது. அதை அவர் தடுக்கவில்லை. எழுந்து பேசி முடிக்கட்டும் என்று ஒரு மூச்சு நேரம் விட்டுவைத்தார். பின்பு குடையை விரித்தார்.

"இருக்கு. வா, சேர்ந்தே போயிரலாம்."

குடை ஒருவருக்கே போதுமானது. இருவரும் பாதி நனைந்தபடி, பேசாமல், ஒரே சீராய் அடியெடுத்து வைத்துத் தெருவில் இறங்கினார்கள். படிப்போரே, நெஞ்சில் முளைக்கும் ஐயத்தை வேரோடு களைந்தவரை நான் கண்டதில்லை. அவ்வம்மையாரும் இறுதிவரை களைந்தாரில்லை. கடவுள்மேல் கொண்ட அன்பு பெருஞ்செயல்களாய்ச் சிலரிடம் வெளிப்படலாம். நம்மில் பெரும்பாலோர்க்கு அது, எழுகின்ற ஐயத்திற்கும் நீட்டுகின்ற கைக்கும் நடுவே உள்ள அந்த ஒரு மூச்சளவு இடத்திலேதான் வாழ்கிறது. இடம் மிகச் சிறிது. ஆயினும் அந்த மாலையில், கொட்டும் மழையில், இரண்டு பெண்கள் அதனுள்ளே நடந்து ஒரு குழந்தையின் வீட்டை அடைந்தார்கள்.